எடுத்துக்குங்க ஆண்டவரே

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவரிடம் ஏதாவது கேட்டால், அது கிடைப்பதற்கு முன்பே நன்றிக் கூட்டம் வைத்துவிடுவோம். அதுதான் விசுவாசம் என்பார் போதகர். எனக்கு அதில் கொஞ்சம் நெருடல்தான். நான் சலவைக்கடைக்காரன், கறை போன பிறகுதான் வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டுவேன். ஆனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிவிட்டு வருவேன்.

அந்த முறை நன்றி சொன்னது என் மகளின் விசாவுக்காக.

ஒரே மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பிசியோதெரபி படித்துவிட்டு, தேடிவந்த வேலைகளையெல்லாம் வேண்டாமென்று தள்ளி, கடல் தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கால் விளங்காத பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்குகிற வேலை. அனுப்பிவைத்தது எங்கள் சபை. அவளுக்காக ஜெபிக்கிற பெண்கள் குழுவுக்குத் தலைவி என் மனைவி. கடையின் முன்பக்கம் தையல் மிஷினில் அவள், பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியோடு நான். அந்தப் பிள்ளைகள் காலில் கட்டும் பட்டைகளுக்குப் பஞ்சு மெத்தை தைத்து அனுப்புவதும் அவள்தான்.

விசா முடியப்போகிறது, நீட்டிப்பார்களா தெரியவில்லை என்று வாலு சொன்னதும் சபையே உபவாசத்தில் இறங்கியது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் மனைவி, "அவளை அங்கேயே நிலைநிறுத்தும் ஆண்டவரே!" என்று உருகி உருகி ஜெபித்தாள். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் காலை ஈரச்சட்டையை உதறிக்கொண்டே முன்பக்கம் வந்தேன். மிஷின் ஓடுகிற சத்தத்துக்குள் அவள் முணுமுணுப்பது கேட்டது. சபையில் ஆண்டவரை நீர், உமது என்பவள் கடையில் நீங்க, உங்க என்றுதான் பேசுவாள்.

"நேத்து அங்க சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க ஆண்டவரே. எம் பொண்ண வீட்டுக்கு அனுப்பிடுங்க."

நான் பேசாமல் போயிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"ஒரே ஆளு ரெண்டு மனு போட்டா அவரு எதுலதான் கையெழுத்துப் போடுவாரு?"

மிஷின் நின்றது. எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு உதடு கோணியது.

"உங்களுக்கு என்னங்க. போன்ல சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு என் கையில குடுத்துடுறீங்க. ஆளில்லாத ரூம தெனமும் பெருக்குறது நான்தான்."

ஈரச்சட்டையோடு உள்ளே போய்விட்டேன். என் மனதிலும் அதே மனுதான் இருந்தது. அவளாவது வாய்விட்டுச் சொன்னாள்.

ஞாயிறு நன்றிக் கூட்டம் ஜாம்ஜாமென்று நடந்தது. செவ்வாய்க்கிழமை வாலு கூப்பிட்டாள். விசா இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். சனிக்கிழமை விமானம்.

ஜெபக்குழுவின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. நன்றியும் சொல்லி, கேக்கும் வெட்டித் தின்றாகிவிட்டது. கணக்கு டீச்சர் கடை வாசலில் வந்து நின்று, "இப்ப என்னக்கா பண்றது? சொன்ன நன்றிய வாபஸ் வாங்க முடியுமா?" என்று கேட்டார். என் மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பதில் சொல்லாமல் தப்பித்தாள். டீச்சர் தலை மறைந்ததும் மெல்லப் பாட ஆரம்பித்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை காலம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மகளின் மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டேன்.

புதன்கிழமை மதியம் வாலு வீடியோவில் வந்தாள். பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தோம். அவளோ வேலையில் இருந்தாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காலிலும் பட்டை.

"இவதாம்மா எங்க மகாராணி. முந்தாநாள் கைய விட்டுட்டு ஒரு அடி எடுத்து வச்சா. இன்னும் கொஞ்ச நாள் கூடவே இருந்தா நடந்துடுவா."

வாலு சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அழுகையை அடக்கிக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும்.

"நீ வந்துட்டா அவள யாருடி பாத்துப்பாங்க?"

"இன்னும் யாரும் கெடைக்கலம்மா."

என் மனைவி திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். "முட்டிக்குப் பின்னாடி பாரு, பட்டை அறுத்து செவந்திருக்கு. மெத்தைய உள்பக்கமா மடிச்சு வை."

வாலு மடித்து வைத்தாள். அந்தப் பெண் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்து அவள் பாஷையில் ஏதோ கேட்டாள்.

"என்னடி சொல்றா?"

வாலு கொஞ்சம் தயங்கினாள். "இது உன் அம்மாவான்னு கேக்குறா. உன்ன எப்படி விட்டாங்கன்னு கேக்குறா."

பேசி முடித்த பிறகு என் மனைவி மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை.

"கடைய மூடுங்க."

"பட்டப்பகல்லயா? நாலு பேரு துணி அப்படியே கெடக்கு."

"மூடுங்கன்னு சொல்றேன்ல."

ஷட்டரை இறக்கினேன். அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவே அவள் முழங்காலிட்டாள். முட்டிவலியைப் பொறுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் இறங்கினேன்.

"ஆண்டவரே, நான் கேட்டத குடுத்துட்டீங்க. ஸ்தோத்திரம். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் புள்ள கையில இருந்து புடுங்குன மாதிரி இருக்கு. எனக்கு வேணாம், எடுத்துக்குங்க. இனிமே எப்படி மாத்துவீங்களோ, எனக்குத் தெரியாது. எம் பொண்ணு அங்கயே இருக்கட்டும்."

நான் ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தாள். இன்னும் மூன்று நாள் பொறுத்தால் என் மகள் வந்துவிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு "அப்பா, பசிக்குது" என்பாள். அதைப் போய் எப்படி வேண்டாமென்பது? ஆண்டவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

"நான் மட்டும் பெக்கலங்க" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் சொன்னாத்தான் எனக்குத் தைரியமா இருக்கும்."

ஆமென் என்றேன். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. இல்லையென்று சொன்ன அதே அதிகாரி, யாரும் போய்க் கேட்காமலே, வாலுவைத் திரும்பக் கூப்பிட்டு விசாவை நீட்டிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியவுமில்லை.

"அற்புதம்மா! அற்புதம்!" என்று கத்தினாள் வாலு. பின்னால் பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. சட்டென்று அவள் குரல் இறங்கியது.

"அம்மா... நான் வரப்போறேன்னு ரொம்ப ஆசையா இருந்தீங்கல்ல? இப்ப இப்படி ஆயிடுச்சேம்மா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. குரலில் மட்டும் அது தெரியவில்லை.

"தானா ஒண்ணும் ஆகலடி. அப்பாவும் நானும்தான் கேட்டோம்."