கத்தரீனம்மாளின் இமை

...அதானே பாத்தேன், பூவரசன் அம்மா முகத்தை முடிச்சிட்டான், மூக்கு நுனி மினுமினுப்பு வரைக்கும் ஏத்தியாச்சு, கண்ணு மட்டும் மூடினாப்ல வழவழன்னு கெடக்கு, ஏன் விட்டு வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாதா, கடைசியா கண்ணு வரைஞ்சு தொறக்கறவனுக்குத்தான வேட்டி துண்டு மரியாதை, அவன் பேருதான ஊர்ல நிக்கும், எத்தன கோபுரத்துல நான் சாமிக்குக் கண்ணு தொறந்துருக்கேன், அப்பல்லாம் இந்தப் பூவரசன் என் பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டு நின்னவன், இப்ப செந்துறைப் பக்கம் ஒரு சர்ச்சு வேலைன்னதும் பாத்து செவுத்துல வரையச் சொல்லி ஃபாதர் படத்தை அவன் கையில குடுத்துட்டாரு, எரநூறு வருசத்துக்கு முன்ன வெள்ளக்காரன் எவனோ வரைஞ்சதாம், கத்தரீனம்மாளை நாலு சம்மனசு, அதான் றெக்கை வச்ச தேவதூதருங்க, ஆகாசத்துல தூக்கிக்கிட்டுப் போவுது, அம்மா முகம் அவனுக்கு, எனக்கு றெக்கை, நாலு நாளா றெக்கை! வயிறு எரியுது, ஆமா எரியுது, எரியாம இருக்க நான் என்ன கல்லா? அந்தம்மா கதை என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்... அவங்கிட்டயா? "நீலம் தீந்துபோச்சு வேணுண்ணே, அரியலூர் போயிட்டு வந்துர்றேன்"னு காலைல பஸ் ஏறினான், அண்ணேயாம் அண்ணே, மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சலில்ல... சாரத்துல எப்ப ஏறினேன்? கையில கறுப்பு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு, வலது கண்ணு தொறந்துருச்சு, பாரு, என்னையே பாக்குது, இதுக்குப் பேருதாண்டா கை.

கீழ வெளக்கமாத்துச் சத்தம் நின்னுச்சு. சர்ச்சு கூட்டற சலேத்தம்மா அண்ணாந்து பாத்துட்டு சிலுவை போட்டுக்கிட்டா, "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க, அவங்க செத்துப்போனவங்க, ராசா தலைய வெட்டிப்புட்டான், உடம்பைத்தான் சம்மனசுங்க மலைக்குத் தூக்கிட்டுப் போவுதுங்க, பொணம் எங்கயாச்சும் கண்ணு முழிக்குமா?"

ஐயையோ... அப்ப அவன் விட்டு வைக்கல, மூடின கண்ணாவே முடிச்சிருக்கான். சரி, மூடிட்டாப் போச்சு, அது என்ன பெரிய வித்தையா, அவன் கலந்த தோல் நெறம் தட்டுலயே இருக்கு, ஒரு பூச்சு... வீங்கினாப்ல இருக்கு, தொடச்சேன், இன்னொண்ணு, இப்ப தூங்கற மாதிரி நடிக்கறா, அதையும் தொடச்சேன், பக்கத்துலயே அவன் போட்ட இடது இமை, அடியில சின்னதா ஒரு நெழலு, அவ்வளவுதான், வலியெல்லாம் தீந்துபோயி அப்பத்தான் அடங்கினாப்ல... எங்க கத்துக்கிட்டான் இதை? நான் சொல்லிக் குடுக்கலயே, முப்பது வருசத்துல நான் ஒரு கண்ணைக்கூட மூடினதில்லயே, தெரிஞ்சாத்தான சொல்லிக் குடுக்க... இத்தன நாளா வேட்டி துண்டுக்கு எரிஞ்சதெல்லாம் ஒரு எரிச்சலா, இப்பத்தான் நெசமா பத்திக்கிச்சு. சாரம் ஆடுது, யாரோ ஏறி வராங்க, எறங்கணும், நான் இன்னும் அந்த இடது இமையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.