வேப்பிலை கசந்தது

கூடாரம் போட்டு ஊர் சுற்றுவதெல்லாம் என் சிநேகிதன் தேவராஜனின் யோசனை. பட்டு நூல் வராமல் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருத் தறிகள் சும்மா கிடந்த வாரம் அது. எண்பத்து மூன்றாம் வருஷம், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மனிதன் வீட்டுக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய நேரத்தில் இவன் மாமாவிடம் கெஞ்சி ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை வாங்கி, நெல் மூடுகிற தார்ப்பாயைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறான்.

"ஏறுடா சுகுமாரு. சினிமால வெள்ளக்காரன் போறான், நாம போவக்கூடாதா?"

முதல் ராத்திரி தென்னேரிக் கரை. இரண்டாவது ராத்திரி திருப்புலிவனத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த கழனியை ஒட்டிய ஏரிக்கரை. இரண்டு பனைக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டி, தரையில் ஜமக்காளத்தை விரித்துப் படுத்தோம்.

விடிந்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உத்திரமேரூர்ல பரோட்டாவ வளைச்சி வளைச்சி அடிச்சல்ல? அனுபவி," என்றேன்.

"அது இல்லடா. கண்ணு தெறக்க முடியல."

தூக்கம் தெளியாதவன் போல இமை பாதியில் நின்றது. வேர்க்கடலை பிடுங்கும் வேலைக்கு வரப்பில் போய்க்கொண்டிருந்த சிட்டம்மாள் என்ற நடுவயசுக்காரி எங்களைப் பார்த்து நின்றாள்.

"தரையிலியா பட்த்தீங்க? பூச்சி கீச்சி தீண்டியிருக்கப் போவுது," என்று அவன் கைகால்களைத் தொடாமல் உற்றுப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கரையிலிருந்த வேம்பில் நாலு இலை கிள்ளி அவன் கையில் போட்டாள். "மென்னு பாரு நைனா. கசக்குதா?"

"ஐயோ, கசக்குது."

"அப்போ விசம் இல்ல. விசம் ஏறிக்கினா எலை இனிக்கும். சூடு புட்சிக்கினு கீது, மோரு குடி."

எங்கள் வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். தேளோ பாம்போ, முதலில் வேப்பிலை. நான் நிம்மதியாக ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டேன். அவன் குடித்த காபி கடைவாயில் வழிந்தது. விழுங்க முடியவில்லை.

"வெளயாடாதடா," என்றேன். பதில் குழறியது. கிளம்பிவிடலாம் என்று ஜமக்காளத்தை உருவினேன். அவன் தலைமாட்டு மடிப்பிலிருந்து கறுப்பாக, வெள்ளைப் பட்டை பட்டையாக ஒன்று நழுவி வைக்கோலுக்குள் போயிற்று. கட்டுவிரியன்.

நான் போட்ட கூச்சலில் சிட்டம்மாள் கழனியிலிருந்து ஓடிவந்தாள். கூடவே, மாடு ஓட்டிக்கொண்டிருந்த வேதகிரி என்ற பெரியவர். அதற்குள் தேவராஜன் கட்டையாய்க் கிடந்தான். வேதகிரி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"பூட்டாம்பா," என்று தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து, அவன் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். செத்தவனுக்குச் செய்வது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளினேன். அப்பா வயசு மனிதர், புழுதியில் போய் விழுந்தார். தேவராஜனின் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு காதில் கத்தினேன். "டேய்! காது கேக்குதா? கேட்டா அமுக்குடா!"

சுண்டுவிரல் அசைந்தது. அவ்வளவுதான், ஆனால் அசைந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு, தன் காலைக் கட்டுவதையும் கேட்டபடி கிடந்திருக்கிறான். நான் கோவென்று அழுதுவிட்டேன்.

விழுந்தவர் எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்தார். "வண்டிய எடுப்பா. நிக்காத."

துவண்ட உடம்பு பின்சீட்டில் நிற்குமா? சிட்டம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள். "நான் புட்சிக்கிறேன். எங்க ஆளுங்க தொட்டா உங்க வூட்ல ஏதாச்சும்..."

"ஏறும்மா!"

உத்திரமேரூர் போகும்வரை அவள் வாய் ஓயவில்லை. "கண்ணு, மூச்ச வுடு. எலைய நம்பிப் பூட்டேன் நைனா, மூச்ச வுடு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டார். வேப்பிலை கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த விஷத்துல நாக்கு ருசி போகாது. மூச்சுதான் போகும்." அவன் முகத்தில் ரப்பர் மூடியை வைத்து அழுத்தி, அதோடு சேர்ந்த பலூனை என் கையில் கொடுத்தார். அமுக்கினால் அவன் நெஞ்சு எழும்பியது, விட்டால் அடங்கியது.

"தானா மூச்சு வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. இன்னைக்கு வரலாம், நாளைக்கு வரலாம். வராமலும் போகலாம்."

என் கை மரத்தபோது சிட்டம்மாள் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மரத்தபோது நான். சேதி கேட்டு அவன் அம்மா உண்ணாமலை காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்ந்த நேரம் பலூன் என்னிடம் இருந்தது. மகன் கிடந்த கிடையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டவர், அடுத்து என் முதுகில் அடித்தார்.

"எம் புள்ளைய எங்கடா இட்டுக்கினு போன? பாவி, இன்னாடா பண்ண அவன?"

கூப்பிட்டது அவன்தான் என்றாலும், அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. கையை எடுக்க முடியாதே. அடி விழ விழ அமுக்கினேன், விட்டேன், அமுக்கினேன்.

அடி நின்றது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் கேட்டார்.

"உசுரு கீதாடா?"

"நான் அமுக்கிக்கினு இருக்கிற வரைக்கும் கீதும்மா."