மஞ்சள் துப்பட்டா

திருமணப் பதிவு அலுவலக வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. கலப்பு மதத் திருமணத்துக்கு மனு கொடுத்தால் பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் அதில் ஒட்டுவார்கள். முப்பது நாள் யாரும் ஆட்சேபிக்கலாம். நாங்கள் இருவருமே மதம் மாறுவதாக இல்லை. கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்றுதான் ஆஸ்வால்டும் நானும் அங்கே போனோம். கூட வந்தவள் விஜி, என் பள்ளித் தோழி, முதல் சாட்சி.

எட்டாம் நாள் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள்.

"பயப்படாதீங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான்" என்றான் ஒருவன். "எப்ப மதம் மாறப் போறீங்க?"

"மாறல."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. ஆமா, அப்பாவுக்குத் தெரியுமா?"

அப்பா அவன் பின்னால்தான் நின்றிருந்தார். அவருக்குத் தெரியாது. அவன் கைப்பேசியில் எங்கள் அறிவிப்பின் படம் இருந்தது. படத்தில், பலகையின் கண்ணாடியில் ஒரு மஞ்சள் துப்பட்டா பிரதிபலித்தது, பச்சைக் கரையோடு. அறிவிப்பை ஒட்டிய அன்று விஜி போட்டிருந்தது அது. நான் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது அவள் பலகை அருகில்தான் நின்றாள்.

படம் எடுத்துக் கொடுத்தது விஜிதான் என்று ஆஸ்வால்டிடம் சொன்னேன். கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"விட்டுடு இளவேனில். யாரா இருந்தா என்ன?"

நான் விடவில்லை. விஜிக்குப் போன் செய்து, "நீ சாட்சிக்கு வர வேணாம்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே எனக்கு இன்னொரு சாட்சியமாகப் பட்டது.

அந்த நால்வரும் ஆட்சேப மனு கொடுத்தார்கள். பதிவாளர் எங்களை அழைத்தார். அவர் கணினியில் ஆயுத பூஜைக் குங்குமம் காயாமல் இருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகச் சாமி படங்கள். முடிந்தது என்று நினைத்தேன். அவர் மனுவைப் படித்துவிட்டு அவர்களிடம் கன்னடத்தில் கேட்டார். வயசு கம்மியா? ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களா? கட்டிக்கொள்ளக் கூடாத சொந்தமா?

"சார், இவ ஹிந்து, அவன் கிறிஸ்டியன்…"

"அது எனக்கும் தெரியுது. அதுக்குத்தானே இந்தச் சட்டம்?" என்று எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார். மனு தள்ளுபடியானது. அப்போதும் நான் அவரை நம்பவில்லை. முப்பது நாள் முடியும்வரை அந்தக் குங்குமத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருமணத்தன்று அலுவலக கேட் அருகே விஜி பூவோடு நின்றாள். நான் தாண்டிப் போனேன். மூன்று சாட்சி வேண்டும்; அவளுக்குப் பதிலாக, வெளியே தட்டச்சு செய்யும் முனியப்பனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எங்கள் சான்றிதழில் இன்றும் அந்த முன்பின் தெரியாதவரின் பெயர் இருக்கிறது.

ஏழு வருடம் வாழ்ந்தோம். போன மார்ச்சில் ஆஸ்வால்டுக்கு மாரடைப்பு.

நாற்பதாம் நாள் கழிந்து, அலமாரியில் கிடந்த அவனுடைய பழைய போனைச் சார்ஜ் போட்டேன். நீலசந்திரா கால்பந்து நண்பர்கள் குழுவுக்கு அவன் அனுப்பிய படம் அதில் இருந்தது. அதே பலகை, அதே துப்பட்டா. 'முப்பதாம் நாள் பைனல் மச்சிகளா. எல்லாரும் வந்துருங்க' என்று எழுதியிருந்தான். எங்கள் இருவர் பெயரும் முதல்முறையாக ஒரே தாளில், அரசு முத்திரையோடு. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரிந்திருக்காது.

சிவாஜிநகரில் விஜியின் துணிக்கடைக்குப் போனேன். போனை நீட்டினேன். பார்த்துவிட்டுத் துணியை மடிப்பதைத் தொடர்ந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"இருபத்திரெண்டு நாள் பாக்கி இருந்துச்சுடி. அவன்தான்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன்."

"பொய்யி." சிரிக்காமல் சொன்னாள். "சொல்லாதன்னு அழுதான் அவன். அப்புறம் நானே சொல்லலாம்னு பார்த்தா, நீ கேட்டைத் தாண்டிப் போய்ட்ட."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். போனை மீண்டும் பார்த்தேன். குழுவில் பதினேழு பெயர்கள். அவர்களில் ஒருவன்தான் அந்தப் படத்தை வெளியே தள்ளியிருக்க வேண்டும். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆஸ்வால்டின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் அதில் இருந்தார்கள்.