அடுக்கின் நடுக்கட்டை

கம்பெனி பூட்ஸ் கொடுத்த நாளிலிருந்து என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நீராவிப் படகில் பாய்லருக்கு விறகு போடுகிற வேலை. உடம்பெல்லாம் கரி, காலில் மட்டும் பளபளப்பு. பிடித்தாலும் புளியங்கொம்பாய்ப் பிடித்தான் என்று ஊரே மெச்சியது. நான் மெச்சவில்லை.

அந்தப் படகுக்குத் துறையில் விறகு அடுக்கிக் கொடுப்பது நானும் என்னோடு பன்னிரண்டு பெண்களும். முதலில் படகு சரக்கு வாங்க வந்தது. பிறகு பிடுங்க வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர்களுடைய தொழிற்சாலைகளுக்கு ரப்பர் வேண்டுமாம். அங்கே சக்கரம் உருள, இங்கே எங்கள் ஜனம் காடு காடாய் அலைந்து பால் வடிக்க வேண்டும். அளவு குறைந்தால் சவுக்கடி. போன மாதம் ஆற்றின் மேல்பக்கத்து ஊர்கள், இனி ஒரு சொட்டு கிடையாது என்று பால் பிடிக்கும் கிண்ணங்களை ஆற்றில் வீசிவிட்டன. அதில் ஒன்று எங்கள் பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர்.

வேலையை விடு என்று தம்பியிடம் சொன்னேன். நான் விட்டால் இன்னொருவன் போடுவான் என்றான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

அந்த ஊர்களை அடக்க ஒரு பீரங்கியும் அறுபது சிப்பாய்களும் அதே படகில் மேல்பக்கம் போகப்போவதாகத் தெரிந்ததும், நாங்கள் பெண்கள் கூடிப் பேசினோம். பாதி விறகைக் குட்டையில் ஐந்து நாள் ஊறப்போட்டு, வெளிப்புறம் மட்டும் வெயிலில் காட்டி, என் அடுக்கின் நடுவில் வைத்தோம். சுற்றிலும் காய்ந்த விறகு.

விறகைச் சோதிப்பது தம்பியின் பொறுப்பு. இரண்டு கட்டைகளை மோதிப் பார்ப்பான். காய்ந்தது கணீர் என்னும், ஈரம் மொத்தென்று கேட்கும். என் அடுக்கில் மட்டும் மேலே இரண்டைத் தட்டிவிட்டு சரி என்பான். அக்கா மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் நடுவில்தான் நான் ஈர விறகை வைத்தேன். ஈரத்தில் தீ மங்கி வழியில் ஆவி இறங்கினால் முதல் அடி அவன் முதுகில்தான் விழும். அது தெரிந்தேதான் செய்தேன்.

படகு கிளம்பும் காலையில் இன்ஜின்காரரும் கூடவே வந்து நின்றார். மேலே தட்டினால் போதாது, நடுவிலிருந்து உருவு என்றார். தம்பி உருவினான். மோதினான்.

மொத்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு முறை மோதினான். அந்நேரம் எனக்குப் பெரியம்மா ஊரெல்லாம் மறந்துபோய், இவன் முதுகு மட்டும்தான் கண்ணில் நின்றது.

இன்ஜின்காரரிடம் திரும்பி, "எங்க அக்கா அடுக்கினது. நல்லாக் காஞ்சிருக்கு" என்றான்.

அவருக்கு இயந்திரம் தெரியும், எங்கள் ஊர் மரத்தின் சத்தம் தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார். தம்பி என் பக்கம் குனிந்தான்.

"நடுவுல உள்ளத முதல்ல ஏத்து. அது அடியில போயிடும். காஞ்சது மேல இருந்தாத்தான் ஆத்து வளைவு வரைக்கும் படகு போகும். இங்கேயே நின்னுட்டா வேற விறகு வாங்கிடுவாங்க."

வளைவில் சுழிப்பும் மணல்திட்டும் உண்டு. அங்கே ஆவி இறங்கினால் படகு திட்டில் ஏறியே தீரும்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் அவன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிந்து என் கையில் கொடுத்தான்.

"இதோட நீந்த முடியாதுக்கா."

வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் செய்தி வந்தது. படகு திட்டில் எருமை போலப் படுத்துவிட்டதாம், பீரங்கி சேற்றில். மேல்பக்கத்து ஜனங்கள் தப்பிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூட்ஸைப் பார்க்கச் சகிக்காமல் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஆறாம் நாள் மதியம் கரையோடு நொண்டிக்கொண்டு வந்தான். இரண்டு காலிலும் முள். அவனை உட்கார வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, ஒரு மாதம் பேசாததையெல்லாம் சேர்த்துத் திட்டினேன்.