மழைநாள் வேலை

மலாயாவின் தைப்பிங் மலைக்குத் துரைமார் ஏன் வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நாலு பேர் தூக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அரை நாள் ஏறி வருகிறார்கள். வந்ததும் குளிர்கிறது என்று அறைக்குள்ளேயே நெருப்பு மூட்டச் சொல்கிறார்கள். இதற்குக் கீழேயே இருந்திருக்கலாமே!

நாங்கள் வந்த காரணம் வேறு. செமோர் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தேன். மூன்றாவது வயிற்றில். மலையில் கொசு இல்லை என்றார்கள். பங்களாவில் கணப்பு மூட்டவும் வெந்நீர் வைக்கவும் ஆள் தேவை என்று தெரிந்ததும், என் வீட்டுக்காரர் பத்துமலையை விடாமல் நச்சரித்து இழுத்து வந்தேன். "ஒரு வாரம் பாப்பேன். சரியில்லன்னா இறக்கி விட்டுருவேன்" என்றார் பங்களாக் கணக்கைப் பார்க்கும் கிராணி.

முதல் நாள் காலையிலேயே மழை. என் மனுஷன் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேல இல்ல லா" என்று மறுபடி கம்பளிக்குள் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருஷம் ரப்பர் மரம் சீவியவர். ஈர மரத்தைச் சீவினால் பால் கோப்பையில் விழாது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் தோட்டத்தில் மழை என்றால் தூக்கம்தான். ஆனால் இந்த மலையில் மழை நிற்கிற நாளே இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? எழுப்பிப் பார்த்தேன். உருண்டு படுத்தாரே தவிர எழவில்லை.

மடியில் கொஞ்சம் ஒட்டுப்பாலை முடிந்துகொண்டு நானே பங்களாவுக்கு ஓடினேன். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து வைத்தது அது. தோட்டத்தில் எங்கள் அடுப்பே அதில்தான் பற்றும்.

துரைசானி தனியாக, போர்வையோடு கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுப்பாலைச் செருகிப் பற்ற வைத்தேன். குபீரென்று எரிந்தது. கூடவே கன்னங்கரேல் என்று புகை அறைக்குள் திரும்பியது. வெள்ளைத் திரைச்சீலை, சுவர், துரைசானியின் மூக்கு, எல்லாம் கறுத்துப் போயின. நாற்றமோ சொல்லவே வேண்டாம். தொலைந்தோம், இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும் என்று அழுதுவிட்டேன்.

துரைசானி இருமி இருமி ஜன்னலைத் திறந்தாள். அதற்குள் விறகு பற்றிவிட்டது. உள்ளறையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் ஓடிப்போய்த் தூக்கி வந்து கணப்பருகே உட்கார்ந்தாள். அவள் கண் என் வயிற்றில் நின்றது.

"அனாக்?" என்றாள். பிள்ளையா என்று மலாயில் கேட்கிறாள். தலையாட்டினேன். இரண்டு விரலைக் காட்டி, "டெமாம். மாத்தி" என்றேன். காய்ச்சல், செத்துப்போச்சு. அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும்.

அவள் ஒரு விரலை மட்டும் நீட்டினாள். "பத்து காஜா. டெமாம்" என்றாள். பத்து காஜா கீழே இருக்கும் ஓர் ஊர். மடியில் இருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

இவர்கள் ஏன் ஏறி வருகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மிச்சமிருந்த ஒட்டுப்பாலைக் காட்டித் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். என்னைக் காட்டி, "பெசோக் லாகி" என்றாள். நாளைக்கும் வா.

மழையில் நனைந்துகொண்டே திரும்பினேன். சத்தம் கேட்டு அவர் கண் விழித்தார்.

"மழ விட்டுருச்சா புள்ள?"

"விடல. விடவும் விடாது" என்று கம்பளியை உருவினேன். "எந்திரிங்க. நம்ம புள்ள இங்கதான் பொறக்கப்போவுது."