இரவல் விரல்

அக்கா மகளுக்குப் பிரசவம் என்று மனைவி ஊருக்குக் கிளம்பியபோது லாண்டரிக்காரருக்குக் கவலை பிடித்தது. தனியாக இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பால்கனித் தொட்டிகளில் கயிறு பிடித்து ஏறிக்கொண்டிருந்த வெள்ளரிச் செடிகளை அவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறாளே, அதுதான் கவலை.

"காலைல விரலை மண்ணுக்குள்ள நல்லா விட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா விட்டுடுங்க. இல்லேன்னா அடியில ஓட்டை வழியா வழியற வரைக்கும் ஊத்துங்க. இலை மேல மட்டும் ஊத்திடாதீங்க" என்றாள். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அவரும் மண்டையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் விரலை விட்டார். ஒன்றும் தெரியவில்லை. ஜில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. காலமெல்லாம் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்த விரல் அது. நுனித்தோல் செருப்புத் தோலாகக் காய்த்துப் போயிருந்தது. மற்ற விரல்களையும் விட்டுப் பார்த்தார். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கும் என்பார்கள். அவருடையவை ஒன்றாகத்தான் இருந்தன, ஒன்றுக்கும் உதவாமல். கண்ணால் பார்க்கலாமென்றால், தேங்காய் நார்த்தூள் கலந்த மண் காய்ந்தாலும் கறுப்பு, நனைந்தாலும் கறுப்பு. கடைசியில் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். மேல்மண் காய்ந்திருந்தது, அடிமண் என்ன சொல்கிறதோ தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டிக்கு ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். அன்று கன்னத்து மண்ணோடு கடைக்குப் போய், யாருடைய கல்யாணச் சட்டையிலோ ஒட்டவைத்துவிட்டு, அதைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று.

போன் போட்டு மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் விரலில் உணர்ச்சியே இல்லை என்றால், எப்போதிலிருந்து என்று கேட்பாள். பிறகு இத்தனை வருஷமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்ப்பாள். அதற்கு ஊரெல்லாம் விரல் இரவல் கேட்பதே மேல் என்று அவருக்குப் பட்டது.

மறுநாள், எதிர்வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்த பல் டாக்டரம்மாவைக் கேட்டார். அந்த அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக எட்டிப் பார்த்து, விரலை விட்டு, ஈரம் இருக்கிறது என்றார். மாடிப்படியில் வந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், உறை போட்ட விரல் என்ன சாட்சி சொல்லும் என்று தன் விரலை விட்டார். பாலைவனம் என்றார். இருவரும் மாற்றி மாற்றி விரலை விட்டதில் தொட்டி சல்லடையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, கீழ்வீட்டு அம்மாள் சண்டைக்கு ஏறி வந்தார். தொட்டித் தண்ணீர் தன் துணிக்கொடியில் சொட்டுகிறது என்று எப்போதும் புகார் சொல்வதால் கட்டிடத்தில் அவருக்குச் சொட்டம்மா என்றே பெயர். வந்த காலோடு அவரையே நடுவர் ஆக்கினார்கள். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, விரலை விட்டுச் சுற்றிலும் துழாவினார்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் காஞ்ச சுண்ணாம்பு. நேத்து ஒரே இடத்துல கவுத்திருக்கீங்க. சுத்தி ஊத்தணும், மெதுவா."

லாண்டரிக்காரர் சுற்றி ஊற்றினார், மெதுவாக. எவ்வளவு என்ற கேள்வி வந்தபோது சொட்டம்மா கீழே இறங்கிப் போய், தன் பால்கனியில் வாளி வைத்து, முதல் சொட்டு விழுந்ததும் போதும் என்று குரல் கொடுத்தார். அதுவே வழக்கமாயிற்று. ஒருநாள் மூடுபனி, மண்ணே ஈரம், தண்ணீர் வேண்டாம் என்று மேலே தீர்ப்பாகிவிட்டது. சொட்டம்மா மூச்சிரைக்க ஏறி வந்து, இன்று தன் வாளியில் ஏன் சொட்டவில்லை என்று சண்டை போட்டார்.

இன்னொரு நாள் உச்சிவெயிலில் இலைகளெல்லாம் தொங்கிவிட்டன. பகலில் வீட்டுச் சாவி வைத்திருந்த கண்டக்டர் பதறிப்போய்ச் செடியைக் குளிப்பாட்டக் குடத்தைத் தூக்கினார். இலை நனைந்தால் நோய் பிடித்துவிடும் என்று டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து ஓடிவந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒருவர் வாயைப் பிளந்தபடி நாற்காலியில் காத்திருந்தார். விரல் விட்டார்கள், மண் ஜில்லென்று இருந்தது. ஊற்ற வழியில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. லாண்டரிக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்தார், சொட்டம்மாவும் ஏறி வந்தார். நான்கு பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்ததுபோலச் செடிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் இலைகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே நிமிர்ந்தன. கண்டக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார்.

மனைவி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் வந்து இறங்கினாள். பால்கனியில் மூன்று பேர் அவள் தொட்டிகளில் ஆளுக்கொரு விரலை விட்டபடி, கண்மூடி நின்றிருந்தார்கள். அவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கணவனைப் பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று அவர் சமையலறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அவர் விரல் நுனியை நகத்தால் அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

உள்ளங்கையை அழுத்தினாள். அதுவும் தெரியவில்லை. மணிக்கட்டின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்தாள்.

"இங்க தெரியுது" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல. இங்கயே பிடிச்சிருப்பேனே" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடியே அவரைப் பால்கனிக்கு அழைத்து வந்தாள்.

இலைக்கடியில் யார் கண்ணிலும் படாமல் ஒரு காய் முற்றத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பறித்து நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தாள். வேப்பங்காய் தோற்றது. ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று வளர்த்தால் வெள்ளரி கசக்காமல் என்ன செய்யும் என்றாள். கண்டக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார், டாக்டரம்மா கண்டக்டரைப் பார்த்தார். யாரும் துப்பவில்லை. சொட்டம்மா மட்டும் முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.