டிஸ்காம்பாபுலேஷனுக்கு ஒருநாள் விடுப்பு

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே வியாதிதான் வரும்: ஃபீவர். மாமியார் ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் ஃபீவர், வண்டி பஞ்சரானாலும் ஃபீவர். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட வரியையே அடுத்தவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். முகிலன் மட்டும் நேற்று உண்மையை எழுதித் தொலைத்தான். டிஸ்காம்பாபுலேஷனால் அவதிப்படுவதாகவும், வர இயலாது என்றும் இங்கிலீஷில் அனுப்பிவிட்டான்.

போனில் கண்ட சொல். தலைக்குள் இருக்கும் மேசை நாற்காலியை எல்லாம் யாரோ இடம் மாற்றிப் போட்டுவிட்டுப் போனது மாதிரி, எது எங்கே என்று தெரியாமல் தடுமாறும் நிலை. வெள்ளைக்காரன் விளையாட்டாகக் கட்டிய சொல்லாம். முகிலனுக்கு விளையாட்டாக இல்லை. பயிற்சிக்காலம் முடிந்துவிட்டது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று இன்று மாலைக்குள் சொல்லிவிடுவார்கள். வாரம் முழுக்க அவன் சரியாகத் தூங்கவில்லை. நேற்று அரியாங்குப்பத்திலிருந்து கிளம்பியவன், பாலம் தாண்டியதும் எதற்குக் கிளம்பினோம் என்றே தெரியாமல் வண்டியை ஓரங்கட்டி நின்றான். அதற்கு ஃபீவர் என்று பெயர் வைக்க மனசு வரவில்லை.

இன்று காலை கேட்டிலேயே சூப்பர்வைசர் கலியபெருமாள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"தம்பி, அங்கயே நில்லு. ஒட்டுமா அது?"

"ஒட்டாதுண்ணே."

"கொசுவால வருதா, தண்ணியால வருதா?"

"எச்.ஆராலண்ணே."

அவர் சிரிக்கவில்லை. நேரே எச்.ஆர். பிரேம்குமாரிடம் அனுப்பிவைத்தார். தெரியாத இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்பது பிரேம்குமாரின் நாற்காலிக்கு இழுக்கு.

"இப்ப ஊரு பூரா இதான் பரவிக்கிட்டு இருக்கு," என்றார். "குணமாயிடுச்சுன்னு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா. அப்பதான் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடுவேன்."

அது வியாதியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஊர் பூரா பரவுகிறது என்று சொல்லிவிட்டவரிடம் எப்படிச் சொல்வது? சாரம் பகுதியிலிருந்த கிளினிக்குக்கு வண்டியை விட்டான்.

அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தான், ஃபேனுக்கு நேராக நின்றான், மறுபடி உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த அம்மாள், "பேதியா தம்பி?" என்று பரிவோடு விசாரித்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் சுமலதா எல்லாவற்றையும் கேட்டார். "இல்லாத வியாதி குணமாச்சுன்னு நான் எப்படிப்பா எழுதித் தர்றது? ஃபீவர்னு சொல்லியிருந்தா கண்ண மூடிக்கிட்டு குடுத்திருப்பேன்."

"இப்ப சொல்றேன் மேடம்."

"இப்பதான் உண்மையச் சொல்லித் தொலைச்சிட்டியே."

வெறுங்கையோடு திரும்பினான். வழியெல்லாம் ஒரு பொய்யை யோசித்தான். சிக்னலுக்குச் சிக்னல் அது மாறிக்கொண்டே வந்தது. பிரேம்குமார் எதிரில் நின்றபோது கைவசம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"சார், அது வியாதி இல்ல," என்றான். தூங்காதது, பாலத்தைத் தாண்டி நின்றது, தலைக்குள் இடம் மாறிய நாற்காலிகள், எல்லாவற்றையும் கொட்டினான். "நீங்க என்ன முடிவு பண்ணுவீங்கன்னு தெரியாம வந்தது சார்."

பிரேம்குமாரின் முகம் இறுகியது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வேலை போச்சு என்று முகிலன் முடிவுகட்டிக்கொண்டான்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சுடா," என்றார் அவர். "மில்ல மூடினப்புறமும் காலையில டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவாரு. கேட்டு பூட்டிக் கெடக்கும். எங்க போறதுன்னு தெரியாம அங்கயே சுத்திக்கிட்டு இருப்பாரு. இதுக்குன்னு ஒரு பேரு இருக்கறது தெரியாம நாங்க அவர மந்திரிக்கக் கூட்டிக்கிட்டு அலைஞ்சோம்."

"அப்புறம் சரியாச்சா சார்?"

"மில்லு தொறக்கவே இல்லியே," என்றவர், ஆர்டரை இழுத்துக் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினார். "போ, போய் மெஷினப் போடு."